மனு எழுதத் தெரிந்தவன்

எழுத்தாளன் ஆக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க்காக இருந்தேன். உள்ளே வரும் லாரியின் எண்ணையும் அதன் மேலுள்ள பெட்டியின் எண்ணையும் குறித்துக்கொள்வது என் வேலை. ஒருமுறை கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தபோது, கல்மண்டபம் பக்கத்து நூலகத்திலிருந்து மனைவி கைக்கு வந்ததை எடுத்து வந்து கொடுத்தாள். அதில் ஒன்று துறைமுகம் கட்டிய வரலாறு. கடலுக்குள் கல் கொட்டிச் சுவர் எழுப்பிய பிறகு வடக்கே கரை அரிக்கத் தொடங்கியது என்று ஒரு வரி இருந்தது. நான் பிறந்தது அந்த வடகரையில். கரையோடு போன குப்பங்களைப் பற்றி அடுத்த வரியில் தேடினேன். அடுத்த வரி கிரேன்களைப் பற்றியது.

கால் சரியானதும் லீவு போட்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே பென்சில் மட்டும்தான் கொண்டுபோகலாம். கட்டுக் கட்டாகக் காகிதம். எத்தனை கல், எவ்வளவு ஆழம், எந்தப் பொறியாளருக்குக் காய்ச்சல், எல்லாம் இருந்தது. மனிதர்கள் இல்லை. இரண்டாம் வருடம்தான் ஒரு மனு கிடைத்தது. கணவனைக் கடலில் பறிகொடுத்த ஒரு பெண் யாரையோ பிடித்து எழுதியிருக்கிறாள். தன் குடிசை போய்விட்டது, மகன்களின் கட்டுமரத்தை இழுத்துப் போட ஒரு துண்டு மணலாவது வேண்டும் என்று கேட்டிருந்தாள். கீழே அவள் கைநாட்டு. ஓரத்தில், கோப்பில் வைக்கவும் என்று ஒரு அதிகாரியின் குறிப்பு. அவ்வளவுதான். பெருவிரல் ரேகையைப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். அவளை வைத்துத்தான் நாவல் எழுதத் தொடங்கினேன்.

எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நண்பன். திருவொற்றியூர்க் கரையில் வீடு, சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. கடல் வேலையில் எனக்குத் தெரியாததையெல்லாம் அவனிடம்தான் கேட்பேன். ஒரு விடியற்காலை என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் ஓரிடத்தில் இன்ஜினை நிறுத்தினான்.

"இங்க அடியிலதான் மச்சான் கடலு முழுங்குன அந்தப் பழைய தெருவு கீது. வலை வுட்டா கல்லுல மாட்டிக்கும். எங்க நைனா சொல்லிகீறாரு."

தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆனால் நாவலின் முதல் அத்தியாயத்தை அன்றைக்கே எழுதிவிட்டேன்.

ஏழு வருடம் எழுதினேன். ஆறாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கையில் ஒரு நோட்டீஸோடு வந்தான். அவன் வீடு இருந்த வரிசை கரை ஓரத்தில் ஆபத்தான இடத்தில் இருப்பதால் காலி செய்ய வேண்டுமாம். ஆட்சேபம் இருந்தால் அந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கலாம். வேறு ஊருக்குப் போனால் படகை எங்கே நிறுத்துவது என்பதுதான் அவன் கவலை. எங்கள் கூட்டத்தில் மனு எழுதத் தெரிந்தவன் நான்தான்.

அன்று நான் எழுதிக்கொண்டிருந்தது அந்தப் பெண் மனு எழுதச் சொல்லும் அத்தியாயத்தை. மூன்று மாதமாக வராத வாக்கியங்கள் அன்று காலையில்தான் வர ஆரம்பித்திருந்தன. அடுத்த வாரம் எழுதித் தருகிறேன் என்றேன். அவன் மேஜையில் கிடந்த தாள்களைப் பார்த்தான்.

"இவங்கள்லாம் செத்து நூறு வருசம் ஆவுதில்ல?"

ஆமாம் என்றேன்.

"எங்கள பத்தி எய்தணும்னா நாங்களும் சாவணும்போல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் யார்டில் ஆள் இல்லாமல் இரண்டு ஷிஃப்ட் பார்த்தேன். அதற்கடுத்த வாரம் அத்தியாயத்தைத் திருத்தினேன். மனு எழுத உட்கார்ந்தபோது மாதம் முடிந்திருந்தது. அந்த வரிசையில் மற்றவர்கள் வேறு யாரையோ பிடித்து எழுதி மனு கொடுத்திருந்தார்கள். அவர்களையும் காலி செய்தார்கள். நான் எழுதியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருமுறைகூட அது உதவவில்லை.

நாவல் வந்தது. வெளியீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என் உறவுக்காரர்கள். பேசியவர் கட்டுமரத்தில் எத்தனை மரம் கட்டுவார்கள் என்பதில் பிழை இருக்கிறது என்றார். பிழை இருந்தது. அவனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அந்தக் கடைசி வருடம் நான் அவனிடம் எதையும் கேட்கவில்லை.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்கப் போனேன். கடலிலிருந்து வெகு உள்ளே, அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. படகை விற்றுவிட்டு ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, நீயே படி என்றான். மனு வரும் பகுதியைப் படித்தேன். அவன் மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்பறம் அந்தம்மா எங்கண்ணே போனாங்க?"

ஆவணத்தில் இல்லை என்றேன். நாவலும் அந்த மனுவோடு முடிந்துவிடுகிறது. அதை அழகான முடிவு என்று நான் நினைத்திருந்தேன்.

"எங்க போவாங்க. தொரத்திவுட்ட எடத்துக்குத்தான்" என்றான் அவன்.

சாப்பிடச் சொன்னார்கள். கோழிக்குழம்பு. இத்தனை வருடத்தில் அவன் வீட்டில் மீன் இல்லாமல் நான் சாப்பிட்டதே இல்லை. நான் தட்டைப் பார்ப்பதை அவன் கவனித்தான்.

"துட்டு குட்த்து மீன் வாங்க மனசு வரலடா" என்றான்.

நாங்கள் சாப்பிட்டோம். அவனுக்கு இரண்டு மணிக்கு டியூட்டி. நீல நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு படியிறங்கி, பஸ் வரும்வரை நின்றான். அடுத்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அது உண்மைதான், இன்றுவரை உண்மை.