ஸ்பீக்கருக்குப் பொட்டு வைத்த நாள்

தாராவியில் எங்கள் வீடு ஒரே அறை. இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரு மாலா, அதாவது மேல்தட்டு. நிமிர்ந்து நிற்க முடியாது, உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அதில் பாதியைப் போன மழைக்காலத்திலிருந்து இரண்டு பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் பிடித்துக்கொண்டிருந்தன. மாட்டுங்காவில் இடிக்கப்போகிற ஒரு கட்டடத்திலிருந்து பழைய சாமான் எடுத்துவந்த கபாடிக்கடை, அதாவது காயலான்கடை அண்ணாச்சி, பாப்பா இதையெல்லாம் நோண்டுமே என்று என்னைக் காட்டிச் சொல்லி எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனவை.

ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. பட்டியல் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற மாட்டேன். ஸ்பீக்கருக்கும் பதினேழு வரியில் ஒன்று எழுதி மாலாச் சுவரில் ஒட்டினேன்.

பெட்டிக்குப் பெரிய கோளாறு ஒன்றுமில்லை. காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் மட்டும் தொட்டால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. புது வளையம் ஒட்டும்போது, கூம்பின் நடுவிலுள்ள கம்பிச்சுருள் காந்தத்தில் எங்கும் உரசாமல் நட்டநடுவில் நிற்க வேண்டும். இடைவெளி மயிரிழைதான். அதற்காகச் சுற்றிலும் மெல்லிய துண்டுகளைச் செருகி, பசை காய்ந்ததும் எடுத்துவிட்டு, மேலே சின்னத் தொப்பி போல ஒரு மூடியை ஒட்ட வேண்டும். துண்டுகளுக்கு அப்பாவின் பழைய நெஞ்சு எக்ஸ்ரேயை வெட்டினேன். அதன் கனம் கச்சிதமாக இருந்தது.

அம்மாவுக்கு அந்த இடம் வேண்டும். அரிசி டிரம், குளிர்காலப் போர்வை, அக்கா பிரசவத்துக்கு வந்தால் தொட்டில் என்று அவளிடமும் ஒரு பட்டியல் இருந்தது. கடைசியில் கெடு வைத்தாள்.

"ஆயுத பூசைக்குள்ள அது பாடணும். பாடலன்னா அண்ணாச்சி வண்டியில ஏத்திருவேன், பாத்துக்கோ."

பூஜைக்கு முந்தின நாளே பதினேழாவது வரிக்கு டிக் போட்டுவிட்டேன். சோதித்துப் பார்ப்பது மட்டும் பாக்கி. மறுநாள் அலுவலகப் பூஜைக்குப் போய்ப் பொரிப் பொட்டலத்தோடு திரும்பியபோது, இரண்டு பெட்டிகளும் கீழே இறங்கி, சாமி படத்துக்கு இரண்டு பக்கமும் துவாரபாலகர் போல நின்றன. அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு இறக்கியிருக்கிறாள். கூம்பின் நடு மூடியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். இடது மூடியில் பொட்டு அழகாக உட்கார்ந்திருந்தது. வலது மூடி உள்ளே அமுங்கி, அம்மாவின் பெருவிரல் அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது.

முன்னால் ஒரு தாம்பாளம். அருவாமனை, அப்பாவின் துணி வெட்டும் கத்தரி, அளவு நாடா. அவற்றோடு என் சால்டரிங் அயர்ன், மல்ட்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர், பிளேடு, இடுக்கி. எல்லாவற்றுக்கும் பொட்டு.

ஆறு மணிக்கு அண்ணாச்சி வந்தார். அம்மா ஏற்கனவே சொல்லி வைத்திருக்கிறாள். பூஜையில் வைத்ததை ஓட்டலாமா என்று கேட்டேன். சாமிக்கு முன்னால் பாட்டுப் போடுவதெல்லாம் வேலையில் சேராது என்று அம்மாவிடமிருந்து தீர்ப்பு வந்தது. ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் செருகி, ஒரு பழைய பாட்டைப் போட்டேன். இடது பெட்டி பாடியது. வலது பெட்டி தொண்டை கட்டியவர் மாதிரி கர்ரென்றது.

"பொட்டு வையின்னா முத்திர குத்தியிருக்கியேம்மா. ஒன் பெருவிரல்தான் அத கெடுத்துட்டு" என்றேன்.

"ஏட்டி, ஒரு பொட்டு தாங்காத சாமான் எதுக்கு?"

கழற்றிப் பார்க்கத் தாம்பாளத்தை நோக்கிக் கை நீட்டினேன். அம்மா தட்டிவிட்டாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை எடுக்கும்வரை தொடக்கூடாது. பாட வேண்டிய நாளும் இன்றுதான், ஸ்க்ரூடிரைவரைத் தொடக்கூடாத நாளும் இன்றுதான். கெடு வைக்கும்போது இது எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

அண்ணாச்சி வலது பெட்டியைத் தூக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"தங்கச்சி, பொட்டு வச்ச சாமான இன்னைக்கு எப்படி கபாடில போட? எனக்கும் பிள்ளகுட்டி இருக்குல்லா."

அம்மா சாமி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காலையில் பத்து மணிக்கு வரச் சொன்னாள். அவர் இரண்டு கை நிறையச் சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டிப் பூஜையை எடுத்ததும் அம்மாதான் ஸ்க்ரூடிரைவரை என் கையில் வைத்தாள். இன்றைக்கு அவரவர் ஆயுதத்தைக் கொஞ்சமாவது ஓட்டினால்தான் வருஷம் முழுக்க ஓடுமாம். அப்பா ஒரு பழைய வேட்டியின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். நான் வலது பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, அமுங்கிய மூடியைப் பிளேடால் மெதுவாகக் கீறி எடுத்தேன். பெருவிரலின் குற்றத்தை நிரூபிக்க டார்ச்சும் தயாராக இருந்தது.

உள்ளே, சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவில், கறுப்பாக ஏதோ பளபளத்தது. இடுக்கியால் இழுத்தேன். எக்ஸ்ரே துண்டு.

சுவரிலிருந்த பட்டியலைப் போய்ப் பார்த்தேன். ஒன்பதாவது வரி: நான்கு துண்டுகளைச் செருகு. பத்தாவது வரி: பசை காயவிடு. பதினொன்றாவது வரி: மூடியை ஒட்டு. செருகியதை எடு என்று எங்கும் இல்லை. மூன்றை ஞாபகமாக எடுத்திருக்கிறேன். நான்காவது உள்ளே நழுவியிருக்கிறது.

மூடி இல்லாமலேயே பாட்டைப் போட்டேன். இரண்டு பெட்டியும் சேர்ந்து பாடின. வாசலில் கைவண்டியை நிறுத்திவிட்டு அண்ணாச்சி ஒரு சரணம் முழுக்கக் கேட்டார். பிறகு காலி வண்டியைத் திருப்பினார்.

அப்பா துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்போ நேத்து கர்ருன்னது என் வெலா எலும்பா?"

அம்மா சிரிக்கவில்லை. அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து, வலது பெருவிரலை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இதுகிட்ட மன்னிப்புக் கேளு."

கேட்டேன். விரலைப் பார்த்தே கேட்டேன். பட்டியல் இப்போது பதினெட்டு வரி. மூடியைத் திரும்ப ஒட்டும்போது டேப்பால் இழுத்துக் குழியைச் சரிசெய்திருக்கலாம், இரண்டு நிமிட வேலை. அது அப்படியே இருக்கட்டும், அடுத்த வருஷம் பொட்டு வைக்க இடம் தேட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அரிசி டிரம் வலது பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறது.