கணேசன் அண்ணன் கேட்டு வாங்கின உறைமோர்

இல்ல அண்ணி, அழுகையக் கொஞ்சம் நிறுத்திட்டு நான் சொல்றதக் கேளுங்க. தயிர் உறைஞ்சிருச்சு. மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா.

அண்ணியோட துக்கத்துக்கு வந்து உக்காந்திருக்கிற உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். உங்கள்ல பாதிப் பேருக்கு கணேசன் அண்ணன ஆயர் குரோ ஊர்ல இருக்கற லேப்போட ஆபிசராத்தான் தெரியும். எனக்கு அவரு எங்க கோயில் தயிரக் காப்பாத்தின மனுஷன்.

சேதி வந்தப்ப நான் ஜாசின் பாசார்ல பால் வாங்கிக்கிட்டு நின்னேன். மக பிரசவத்துக்கு ஜொகூர் போயிட்டு அன்னிக்குத்தான் திரும்பியிருந்தேன். வந்து பாத்தா உறைமோர்ச் சட்டியக் காணோம். எங்க வீட்டுக்காரரு, "என்னமோ பழைய சட்டி, நாறுது"ன்னு கழுவிக் கவுத்து வச்சிருக்காரு. பளபளன்னு வேற! எங்க எஸ்டேட் மாரியம்மன் கோயில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு எத்தனையோ வருஷமா அந்த உறைதான். மத்த பொம்பளைங்க எல்லாம் பாக்கெட் தயிருக்கு மாறிட்டாங்க, வேற எந்த வீட்டுலயும் அது கிடையாது. சரி, அண்ணன் லேப்ல எடுத்து வச்சிருக்காரே, கேப்போம்னு போன எடுக்கறேன், கோயில் குரூப்ல அவரு போயிட்டாருன்னு மெசேஜ். அங்கயே உக்காந்துட்டேன் அண்ணி. மனுஷனும் போயிட்டாரு, அவரோட சேந்து ஆத்தா கோயில் தயிரும் போயிடுச்சேன்னு.

மொத மொத அவரு அன்னதானத்துல சாப்பிட்டுட்டு, "காலையில பெசஞ்ச தயிர்சாதம், இந்த வெயில்ல சாயங்காலம் வரைக்கும் புளிக்கலயே"ன்னாரு. வீட்டுக்கே வந்து கொஞ்சம் உறைமோர் கேட்டாரு. நான் அப்பத்தான் விளக்கேத்திட்டு வரேன். "விளக்கு வச்சாச்சுண்ணே, இனிமே மோர் வீட்ட விட்டு வெளிய போகாது"ன்னேன். படிச்ச மனுஷன், சிரிப்பாருன்னு பாத்தேன். "சரி தங்கச்சி, காலையில வரேன்"னு போயிட்டாரு. விடிஞ்சதும் பச்ச மூடித் தூக்கோட வாசல்ல நிக்கிறாரு!

ஊத்திக் குடுத்தேன். அப்பவும் போகல. "சாப்பிடக் குடுத்திட்டீங்க. இதுல இருக்கற கிருமிய எடுத்து லேப்ல வச்சுக்கணும்னா அதத் தனியாக் கேக்கணும்"னாரு. ஆத்தா பிரசாதத்துல கிருமியான்னு நான் சண்டைக்குப் போயிட்டேன்லா. "நல்ல கிருமி தங்கச்சி. அதுக்குள்ள ஒரு குடும்பமே இருக்கு. உங்க பால உறைய வைக்கிறதே அதுங்கதான்"னாரு. சின்னச் சின்னக் குப்பியில அடைச்சு, குளிர்ல தூங்கப் போட்டுருவாங்களாம். வேணுங்கறப்ப எழுப்பிக்கலாமாம். கோயில் கமிட்டியக் கூட்டி, எல்லாரும் சரின்னு சொன்ன பிறகுதான் எடுத்துட்டுப் போனாரு.

அப்புறம் வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு அதக் கேட்டுச்சு. கூட வேலை பாத்தவரு ஒருத்தரு, "ஒரு கரண்டித் தயிர், இதுக்குப் போயி எஸ்டேட் ஆளுங்கள கேக்கணுமா?"ன்னாராம். அண்ணன் கம்பெனிக்காரங்கள நேரா கோயிலுக்கே கூட்டியாந்துட்டாரு. நான் சொன்னேன், "தாராளமா எடுத்துட்டுப் போங்க. உறைமோர்னு கேட்டு வந்தவங்கள நாங்க திருப்பி அனுப்ப மாட்டோம். ஆனா நாளைக்கு இது எங்களுது, நீங்க உறை ஊத்தக்கூடாதுன்னு வந்து நிக்காதீங்க. நல்லா சம்பாதிச்சா அன்னதானத்துக்குப் பால் வாங்கிக் குடுங்க. வாங்கின பாத்திரத்த வெறுமையாத் திருப்பறது எங்க வழக்கமில்ல." அண்ணன் அத அப்படியே இங்கிலீஷ்ல சொன்னாரு. அவங்க தயிர்சாதத்த மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க, யோசிச்சுச் சொல்றோம்னு போனாங்க, அவ்வளவுதான். "என்னாலதான் காரியம் கெட்டுப்போச்சாண்ணே?"ன்னேன். "கெடட்டும் தங்கச்சி. வந்து கேட்டாங்கல்ல, அது போதும்"னாரு.

மனசு கேக்காம லேப்புக்குப் போன் போட்டுச் சொல்லிட்டு, போன வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரரோட ஆயர் குரோவுக்குப் போனேன். அண்ணன் இல்லாத எடத்துல என்னைய யாரு மதிக்கப்போறாங்கன்னு ஒரே பயம். அவருக்குக் கீழ வேலை பாத்த மலாய்ப் பொண்ணு அயினா, அத்தையக் கூப்பிடற மாதிரி "மக்சிக்"னு கூப்பிட்டுக்கிட்டே ஓடி வந்தா. "இது மக்சிக்கோடது. நீங்க கேட்டா குடுக்கணும்னு பாஸ் சொல்லியிருக்காரு"ன்னா. எழுப்பியே வச்சிருக்கா! கைய நீட்டினேன். குடுக்கல. வெளிய இருட்டறதப் பாத்துட்டு, "எசொக் பாகி லா மக்சிக்"ங்கறா. நாளைக்குக் காலையில வரணுமாம். விளக்கு வச்ச பிறகு உறைமோர் குடுக்கக்கூடாதுன்னு பாஸ் சொல்லிக் குடுத்திருக்காராம். யாருக்கு? எனக்கு! வீட்டுக்காரரு காரு கதவப் புடிச்சுக்கிட்டு, "நல்லா வேணும்டி உனக்கு"ன்னு சிரிக்கிறாரு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு அண்ணி.

மறுநாள் காலையில போயி வாங்கியாந்து உறை ஊத்தினேன். சாயங்காலம் மூடியத் தொறந்தா, கத்தி போட்டு அறுக்கலாம் போல நிக்குது. அதே மணம். நேத்து வெள்ளிக்கிழமை அன்னதானத்துல எல்லாரும் சாப்பிட்டாங்க. ஒருத்தருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல. அதுதான் எனக்கு நிம்மதி.

இப்பல்லாம் பக்கத்து வீட்டுல ஒரு கொத்துக் கருவேப்பில பறிக்கிறதா இருந்தாலும் ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் பறிக்கிறேன். அண்ணன் நினைவா எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்.

அட, இருங்க அண்ணி. நீங்க தேடிக்கிட்டிருக்கிற பச்ச மூடித் தூக்கு எங்க வீட்டு அலமாரியிலதான் இருக்கு. நான் ஜொகூர் கெளம்பறதுக்கு முன்னாடி, வந்ததும் தயிரோட குடும்மான்னு அண்ணன் குடுத்துட்டுப் போனாரு.