கழற்றி மாட்டும் மீசை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் பள்ளிக்கூடங்களை விடவில்லை. பெங்களூரில் பாதிப் பள்ளிகளின் ஆண்டுவிழாக் கப்பும் ஷீல்டும் என் பட்டறையில் பிறந்தவை. ஒக்கலிபுரத்தில், ரயில் போனால் கூரைத் தகடு ஆடுகிற ஷெட்டில் பித்தளை வார்க்க ஆரம்பித்தவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் கேரம் போட்டியோ நாய்க் கண்காட்சியோ, பரிசு என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்கென்றால் இன்னும் நிறைய இருக்கிறது.

அப்படித் தேடி வந்தவர்தான் அந்தத் திரைப்பட விழாவின் காரியதரிசி. கன்னடக்காரர், தங்கமான மனிதர், பதற்றம் மட்டும் ஜாஸ்தி. பெரிய வில்லன் நடிகர் ஒருவர் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் பேரில் சிறந்த வில்லனுக்கு விருது தரப் போகிறார்களாம். விருது, மார்பளவில் அவர் சிலை. கொடுப்பது அவர் சம்சாரம்.

"யஜமான்ரே, முகம் அப்படியே அவரா இருக்கணும். அம்மா பார்த்து சரின்னாத்தான் மேடைக்கு வருவாங்க. இல்லேன்னா அவார்டே வேண்டாம்னுட்டாங்க. நான் அழைப்பிதழ் வேற அடிச்சாச்சு."

"பார்க்கட்டும் சார். பார்த்துட்டு, இன்னிக்கு என்ன குழம்பு வைக்கட்டும்னு சிலைகிட்டே கேட்பாங்க."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். சாமிக்குக் காலண்டர், தலைவருக்கு போஸ்டர், நடிகருக்கு தியேட்டர் வாசல் கட்டவுட். அதைப் பார்த்துத்தான் செய்வோம், வீட்டில் போய் விசாரிப்பதில்லை. அவர் மீசையோ ஊரறிந்த மீசை. அதை முறுக்கினால் முன் பெஞ்சு எழுந்து விசில் அடிக்கும். முகத்தைவிட மீசைக்குத்தான் நான் அதிகம் பாடுபட்டேன். ஒவ்வொரு முடியையும் அரம் வைத்து எடுத்தேன்.

அம்மா பட்டறைக்கு வந்தார். சிலையைப் பார்த்தார். திருப்பி முதுகுப்பக்கம் பார்த்தார்.

"பின்னாலே அவர்தான். காது கூட அவர் காதுதான்."

"முன்னாலேம்மா?"

"முன்னாலே யாருன்னு தெரியலே தம்பி. எங்க வீட்டுக்காரர் மீசையே வச்சதில்லையே."

"ஊரே பார்த்திருக்கேம்மா!"

"ஊர் பார்த்தது ஒட்டு மீசை. ஷூட்டிங் முடிஞ்சு வந்தா பாத்ரூம் கண்ணாடியிலே ஒட்டி வச்சிடுவார். கரப்பான்பூச்சின்னு எத்தனை தடவை துடைப்பத்தாலே அடிச்சிருக்கேன் தெரியுமா? இதை எடுத்துடுங்க. நான் குடும்பம் நடத்தின மூஞ்சி இது இல்லே. வேற ஒருத்தரை வச்சுக்கிட்டு நான் மேடையிலே நிற்க மாட்டேன்."

"அம்மா, மீசை இல்லாட்டி பேங்க் மேனேஜர் மாதிரி இருப்பாரே!" என்றார் காரியதரிசி.

"பேங்க் மேனேஜர் மாதிரிதான் இருந்தார்!"

அறுத்து எடுத்தேன். பெற்ற பிள்ளைக்கு மொட்டை போட்ட மாதிரி இருந்தது. அம்மா முகம் மலர்ந்துவிட்டது. காரியதரிசி எதிர் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, "இது யார் சொல்லுங்க" என்றார். அவர் சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேஸ்திரியோட அண்ணனா?"

"ஆகல்ல யஜமான்ரே, இது ஆகவே ஆகாது!" காரியதரிசி மர ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவோ, மீசை திரும்ப வந்தால் தான் வரப்போவதில்லை என்று கைப்பையை எடுத்துக்கொண்டார்.

சாப்பாடு கொண்டுவந்த என் வீட்டுக்காரி கேரியரை நங்கென்று வைத்தாள். "இவரு தூங்கப் போகும்போது பல்செட்டைக் கழட்டி டம்ளர்லே போடறாரு. காலையிலே மாட்டிக்கிறாரு. ரெண்டு மூஞ்சியும் இவரோடதுதானே? எதுக்கு இவ்வளவு கலாட்டா?"

கழற்றி மாட்டும் மீசை என்கிற யோசனை எனக்கு உதித்தது அப்போதுதான். அவள் பல்லைப் பற்றித்தான் பேசினாள். மீசை என்னுடையது. மீசைக்குப் பின்னால் இரண்டு முள், மூக்குக்குக் கீழே இரண்டு துளை. அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி. ஊருக்காக மாட்டுங்க. ஆனா மேடையிலே நான்தான் கழட்டுவேன்."

விழாவில் சிலை மீசையோடு நின்றது. ஒரே விசில். விருது வாங்க வந்த இளம் வில்லன் பவ்யமாகக் கை கட்டி நின்றார். அம்மா மீசையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. என் வேலை அவ்வளவு கச்சிதம். மறுபடி இழுத்தார், சிலையே கூட வந்தது. வில்லன் சிலையைப் பிடித்துக்கொண்டார், காரியதரிசி வில்லனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சபை எழுந்து நின்று பார்த்தது. நான் மேடையேறிச் சிலையின் பின்மண்டையில் விரலை மடக்கி ஒரே தட்டு. மீசை அம்மா கைக்கு வந்தது.

விசில் நின்றது. மேடையில் ஒரு சாதாரண மனிதர், மூக்குக்கு நாலு ஓட்டையோடு. அம்மா புடவைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்தார், பசை ஒட்டியிருப்பதைத் துடைப்பது போல. "இவர்தான் எங்க வீட்டுக்காரர்," என்று மைக்கில் சொல்லிவிட்டு, சிலையை வில்லன் கையில் கொடுத்தார். சபை கைதட்டியது. அதில் பாதி எனக்கு.

வில்லன் தயங்கினார். "அம்மா, மீசை?"

"அது எங்க பாத்ரூம் கண்ணாடிக்கு," என்று கைப்பையில் போட்டுக்கொண்டார்.

போகட்டும். நல்ல கனமான பித்தளை. எத்தனை துடைப்பம் வந்தாலும் நசுங்காது.