தறிகள் நின்ற ஒரு மணி நேரம்

காலை ஒன்பது இருபதுக்கு அந்த மெயில் வந்தது. மதியம் மூன்று மணி என்று சொல்லியிருந்த நேர்காணலைப் பதினோரு மணிக்கு மாற்றியிருந்தார்கள். திருப்பதிக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்த மகள், பாதிப் பின்னலை ஒரு கையில் பிடித்தபடி மறு கையால் போனை என்னிடம் நீட்டினாள்.

நேர்காணல் கம்ப்யூட்டர் வழியாகத்தான். எங்கிருந்து வேண்டுமானாலும் பேசலாம், எங்கள் வீட்டைத் தவிர. நகரியில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. எங்கள் வீட்டின் முன்பாதியிலும் என் கணவரின் தறிகள் ஓடுகின்றன. பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டும். அதனால்தான் திருப்பதியில் அலிபிரி பக்கம் மகளின் தோழி தங்கியிருக்கும் அறையைக் கேட்டு வைத்திருந்தோம். இனி பஸ் பிடித்து அங்கே போய்ச் சேர்வதற்குள் பதினொன்று தாண்டிவிடும்.

"மூணு மணிக்கே வெச்சிக்க முடியுமான்னு எழுதிக் கேக்கட்டுமாம்மா?" என்றாள்.

"ஒண்ணும் கேக்காத. கேட்டா, அப்போ நீ வீட்லயே இரும்மான்னுடுவாங்க" என்றார் என் கணவர். எனக்கும் அந்தப் பயம்தான். நானும் வேண்டாம் என்றேன்.

அவள் படித்தது ஃப்ளைட் டிஸ்பாட்சர் வேலைக்கு. விமானம் கிளம்பும் முன் வானிலை பார்த்து, எரிபொருள் கணக்கிட்டு, போகிற இடத்தில் இறங்க முடியாவிட்டால் வேறு எங்கே இறங்குவது என்று திட்டம் போட்டுக் கொடுக்கிறவர்கள். சென்னையில் பயிற்சி முடித்துப் பரீட்சையும் தேறி வந்த பிறகு எத்தனையோ இடங்களுக்கு எழுதினாள். பாதிப் பேர் பதில் போடவில்லை. மீதிப் பேர் அனுபவம் கேட்டார்கள். நேர்காணல் வரை வந்தது இது ஒன்றுதான். அதுவும் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய ரேணிகுண்டா விமான நிலையத்தில். போன தீபாவளிக்குப் பிறகு அவள் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். தறியை விட்டுவிடச் சொல்லி டாக்டர் சொன்னதை மகளுக்கு வேலை கிடைக்கும் வரை என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வேலை ஏன் வேண்டியிருந்தது என்றால் அதற்காகத்தான்.

நான் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். அவள் வீட்டிலிருந்தே பேசுவதற்காக, வீடு வீடாகப் போய்த் தறியை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

"உன் பொண்ணு ஏரோப்ளேன் ஓட்டறதுக்கு நான் தறிய நிறுத்தணுமாக்கா?" என்றான் எதிர்வீட்டுக்காரன்.

"ஓட்டறதில்லப்பா. எது போகலாம், எது போகக்கூடாதுன்னு பாத்து அனுப்பறது."

"பஸ் ஸ்டாண்டுல விசில் ஊதிக்கினு நிப்பாரே கன்ட்ரோலரு, அந்த மாதிரியா?"

"ஆமாம்னு வெச்சிக்கயேன்."

"சரிலேக்கா. வேல வந்தா ஓசில ஒரு ரவுண்டு ஏத்தச் சொல்லு."

யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. பதினோரு மணிக்குச் சற்று முன்பு தெருக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தறிகள் அடங்கின. கடைசியாக எங்களுடையது. என் கணவருக்கு இருமல் இருந்ததால் அவரை மூலை டீக்கடைக்கு அனுப்பிவிட்டேன். மகள் பாவு நூல் சுற்றிய உருளைகள் அடுக்கிய பின்னறையில், சுவரில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்தி, வெளியே தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த வீட்டில் கடிகாரம் ஓடும் சத்தத்தை முதன்முறையாகக் கேட்டேன்.

நன்றாகப் பேசினாள். ஆங்கிலத்தில் தடுமாற்றமே இல்லை. வானிலை அறிக்கை பற்றிக் கேட்டார்கள், எரிபொருள் பற்றிக் கேட்டார்கள், படபடவென்று சொன்னாள். பிறகு ஒரு ஆண் குரல் நிதானமாக ஒரு கேள்வியைத் தொடங்கியது. திருப்பதியில் மேகம் தாழ்ந்திருக்கிறது, மாற்றாக வைத்திருக்கும் சென்னையிலும் இடி மழை. இருபது வருட அனுபவமுள்ள கேப்டன், போகலாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அப்போதுதான் வாசலில் அந்தக் கூக்குரல் எழுந்தது.

எங்கள் பக்கத்தில் தறி இரண்டு காரணத்துக்குத்தான் நிற்கும். கரண்ட் போனால் நிற்கும். தெருவில் சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும் வரை நிற்கும். பக்கத்துத் தெருவில் இருக்கும் என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், எங்கள் தெருவின் சத்தம் அடங்கியதைக் கேட்டு அண்ணாந்து பார்த்திருக்கிறார். அவர் வீட்டு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கிறது. அப்படியென்றால் சாவு. எங்கள் தெருவில் நெஞ்சு வலிக்காரர் யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருஷம் இந்தத் தெருவில் குடியிருக்கிறேன். எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

உள்ளே வந்த அண்ணிக்குத் தம்பியைக் காணவில்லை. மூடிய கதவின் முன்னால் தலைப்பால் வாயைப் பொத்தி உட்கார்ந்திருக்கும் என்னைத்தான் கண்டார். சத்தம் போடாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை என்று நான் தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"அய்யோ, என்ன உட்டுட்டுப் போயிட்டியாடா தம்பி! நேத்து கூட எங்கூட்ல உக்காந்து துன்னுட்டுப் போனியேடா!"

எழுந்து அவர் வாயைப் பொத்தினேன். என் கையை உதறிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பின்னாலேயே இன்னும் நாலைந்து பெண்கள் வந்து, விவரம் கேட்காமலே தரையில் உட்கார்ந்து கூடச் சேர்ந்துகொண்டார்கள். அந்த அழுகைக்கு நடுவே கதவுக்கு உள்ளே என் மகள், "சார், ஒன் மினிட் சார்" என்று சொல்வது கேட்டது.

கூட்டத்தைப் பார்த்துக் கையில் டீ கிளாஸோடு ஓடிவந்தார் என் கணவர். "யாருக்கு இன்னா ஆச்சி?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். அழுகை அப்படியே நின்றது. எழுந்து போய்த் தம்பியின் முதுகில் நாலு அடி வைத்தார். "பாவி! உயிரோடத்தான் கீறியா? டீ குடிக்கப் போனவன் சொல்லிட்டுப் போவக் கூடாதா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கதவு திறந்தது. மகள் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடி நின்றாள்.

"முடிஞ்சிபோச்சும்மா."

"இன்னா சொன்னாங்க?"

"வீட்ல யாராச்சும் தவறிட்டாங்களான்னு கேட்டாங்க. இல்ல சார், தவறிட்டதா நெனச்சிக்கினு அழுவறாங்கன்னேன். அப்புறம் ஓகே, வீ வில் கெட் பேக்னு கட் பண்ணிட்டாங்க. அந்தக் கேள்விக்கு நான் பதிலே சொல்லலம்மா."

"பதில் தெரியாதா கண்ணு?" என்றார் அவள் அப்பா.

"போகக்கூடாதுன்னு சொல்லணும் நைனா. அவ்ளோதான். சின்னக் கேள்வி."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முன்னறைக்குப் போய்த் தறியைப் போட்டார். அதைக் கேட்டு எதிர்வீட்டிலும், அடுத்தடுத்த வீடுகளிலும் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு பழையபடி அதிர ஆரம்பித்தது. மகள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். ஒன்றுமில்லை என்று கையை அசைத்தாள்.

நடந்ததை விளக்கி அன்று சாயங்காலமே அவர்களுக்கு எழுதினாள். பதில் இல்லை. இதை எழுதும் இன்று வரை இல்லை. ராத்திரியில் கரண்ட் போய்த் தறிகள் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். முதலில் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறேன். பிறகு பின்னறைக் கதவைப் பார்க்கிறேன். அதன் அடியில் அவள் போன் வெளிச்சம் தெரியும்.

ஆனால் அந்த நாள் அதோடு முடியவில்லை. அண்ணி அழுதுகொண்டே ஓடிவந்தபோது அவர் மகன் தன் பங்குக்கு ஒரு போன் போட்டிருக்கிறான். நடந்த கலவரத்தில் அதை மறந்துவிட்டான். மூன்று மணி இருக்கும். முதலில் சொன்ன நேரத்துக்கே வைத்திருந்தால் அவள் திருப்பதியில் பேசத் தொடங்கியிருப்பாள். வாசலில் ஒரு மினி வேன் வந்து நின்றது. பின்னால் நீளமான கண்ணாடிப் பெட்டி. பிணத்தைக் கெடாமல் வைக்கும் ஐஸ் பெட்டி. டிரைவர் இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு, பயபக்தியோடு என் காதருகில் வந்து, தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"சாரிம்மா, புத்தூர் ரயில்வே கேட்டாண்ட மாட்டிக்கினேன். பெட்டிய எந்த ரூம்ல எறக்கணும்?"