ரோட்டைப் பார்த்த விளக்குகள்

தீபாவளிக்கு ஃபிஜித் தீவில் எங்கள் தவுவா ஊர் ஜனங்கள் காரில் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிற வீடு என் தங்கை புருஷன் பல்ராமுடையது. கரும்பு லாரி ஓட்டுகிறவன். கூரை, கேட்டு, மாமரம் எதையும் விடமாட்டான். கலர் பல்பு கட்டிவிட்டு ரோட்டில் போய் நின்று தானே பார்ப்பான். எதிர்வீட்டு சதேந்திரா மறுவருஷம் இன்னும் பத்து சரம் கூடக் கட்டுவான்.

இரண்டாயிரத்தில் தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்து இந்திய வம்சப் பிரதமரைப் பிடித்து வைத்தார்கள். எண்பத்தேழு ராணுவக் கலகத்தில் ஒரு தடவை பட்ட எங்கள் ஜனங்கள் இந்தத் தடவை காத்திருக்கவில்லை. சதேந்திரா ஜன்னலுக்குத் தகரம் அடித்துவிட்டுக் குடும்பத்தோடு பிரிஸ்பேன் போய்விட்டான். பக்கத்து வீடும் காலி.

அப்புறம் ஒரு சாயங்காலம். பல்ராம் லாரியோடு சர்க்கரை மில்லில் காத்துக் கிடந்தான். நாலைந்து பேர் வீட்டுக்குப் பின்னால் கரும்புக்குள்ளிருந்து வந்து சமையல்கட்டுப் பின்கதவை உடைத்தார்கள். என் தங்கை ப்ரேமிலாவும் மகள் ஷைனலும் கட்டிலுக்கு அடியில் கிடந்தார்கள். போனது டிவியும் அடுப்பும்தான். ஆனால் பொழுது சாய்ந்தால் ப்ரேமிலா கரும்புப் பக்கம் திரும்பமாட்டாள்.

ஆக்லாந்தில் இருக்கிற எங்கள் தம்பி, கிளம்பி வா என்றான். பல்ராம் முடியாது என்றான்.

"லாரி இங்க, வீடு இங்க. அங்க போயி எவன் வீட்டு கக்கூஸ கழுவறது?"

"அப்ப என்ன செய்யப் போற?" என்றேன்.

"லைட் போடறேன், மச்சான். பகல் மாதிரி அடிக்கறேன். ஒரு பய கிட்ட வரமாட்டான்."

ப்ரேமிலா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "ஷைனல் அப்பா, பின்கதவுல ஒண்ணு இருந்தா போதும். போடு. பாத்துட்டு, இருக்கேனா போறேனான்னு சொல்றேன்."

"போடறேன், போடறேன். எல்லாப் பக்கமும் வரும்."

கையில் குச்சியோடு முற்றத்தை அளந்தான். எங்கே விளக்கோ அங்கே ஒரு முளை. ஒவ்வொரு முளைக்கும் ரோட்டுக்கு ஓடிப்போய் நின்று பார்த்துவிட்டு வந்தான். கேட்டுத் தூணில் ரெண்டு. வாசலில் ஒன்று. மாமரத்தின் அடியில் ஒன்று, மேலே பார்த்து.

"மாமரத்த எவன் திருடப் போறான்?" என்றேன்.

"நீ ஏணியப் பிடி, மச்சான். பாக்க லட்சணமா வேண்டாமா?"

பின்கதவுக்கு வரும்போது வயர் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் என்றான்.

பொழுது சாய்ந்ததும் எல்லோரையும் ரோட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டான். பொய் சொல்லக்கூடாது, ஜோராகத்தான் இருந்தது. வெளிச்சம் ரோட்டைத் தாண்டி சதேந்திரா வீட்டில் போய் விழுந்தது. ஜன்னல் தகரம் பளபளத்தது. வாசற்படி வரைக்கும் புல். ப்ரேமிலா தன் வீட்டைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தாள்.

"இது யாருக்குக் காட்ட?"

"ரோட்டுல போறவன் பாப்பான்ல."

"ரோட்டுல யாரு போறா?"

அவள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள். நாங்களும் போனோம். முன்னால் அத்தனை வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்குப் பின்னால் கரும்பு முன்னைவிடக் கறுப்பாக நின்றது. புதுக் கதவின் தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு லைட் கேட்டேன்."

"அடுத்த வாரம்னு சொன்னேனே!"

"அடுத்த வாரம் நான் இங்க இல்ல. அண்ணே, தம்பிய டிக்கெட் எடுக்கச் சொல்லு."

"போ! ஒங்க கூட்டமே ஓடற கூட்டம்தான்!"

"ஓடறவனா ஒனக்கு ஏணி பிடிச்சான்?" என்றேன். அவன் காதில் வாங்கவில்லை.

ப்ரேமிலாவையும் ஷைனலையும் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிய அன்றே வழியில் வயர் வாங்கினான். ஏணியைப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன்.

இப்போது முன்னால் இருப்பதெல்லாம் அணைந்து கிடக்கிறது. கரண்டுக்குத் தண்டம் என்கிறான். பின்கதவில் மட்டும் ஒன்று எரிகிறது. கரும்பு தோகை தோகையாகத் தெரிகிறது. அவனுக்குச் சாப்பாடு பஜாரில். சமையல்கட்டுக்குப் போய் அந்தக் கதவைத் திறக்க அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.