பேர் மட்டும் அக்காவுடையது

டெய்லர் அக்காவின் தம்பியைக் கண்டாலே எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாக எழுதுகிறேன் என்று யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. அக்காவின் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. நூலும் பட்டனும் விற்கிறேன்.

அவள் அப்பா போன பிறகு அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள் அக்காதான். அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம். கரண்ட், தண்ணீர், காஸ் என்று எந்த இணைப்பு வாங்கினாலும் மூத்தவள் பேரில்தான் வாங்குவார்கள். அது அவளுக்குச் செய்யும் மரியாதையாம். அவளும் நம்பித் தொலைத்தாள்.

தம்பிக்குக் கல்யாணமானதும் தையல் மெஷின் சத்தம் தலைவலியாகிவிட்டது. வந்த பெண்ணுக்கு அல்ல, தம்பிக்கு. அந்தச் சத்தத்தில் சாப்பிட்டு வளர்ந்த மகராசனுக்கு! அக்கா மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, இந்தக் கடையை வாடகைக்குப் பிடித்து, பின்னறையிலேயே குடியிருந்தாள்.

பிறகு ஒரு பள்ளிக்கூடத்தின் யூனிஃபார்ம் ஆர்டர் வந்தது. மோட்டார் மெஷின் இரண்டு வேண்டும், அதற்குத் தனி மின் இணைப்பு வேண்டும். மின்சார அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். அவள் வெளியேறிய நாளிலிருந்து பழைய வீட்டு பில் கட்டப்படவில்லை; லைன்மேனைச் சரிக்கட்டி, கரண்டை மட்டும் வெட்டவிடாமல் தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான். பாக்கி அவள் பேரில் நிற்கிறது. பள்ளி திறப்பதற்குள் மெஷின் ஓடாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

என் கடையிலிருந்துதான் தம்பிக்குப் போன் போட்டாள்.

"பில்லு உன் பேர்லதானக்கா வருது? என்னையக் கேட்டா?"

"நான்தான் அந்த வீட்டுல இல்லையேடா."

"நீ இல்லன்னா என்ன? உன் பேரு இங்கதான இருக்கு."

போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்க எனக்குக் கை துறுதுறுத்தது.

அந்த வாரமே ஒரு வாட்ச்மேன் பேன்ட்டைச் சுருக்கித் தைக்க வந்தார். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, தம்பி வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவர். "கரண்டுக்குத் தனியா மாசாமாசம் கறாரா வாங்கிடுவாரும்மா," என்றார். அக்கா பேன்ட்டைத் தைத்துக் கொடுத்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனாள்.

இணைப்பைத் துண்டிக்கச் சொன்னாள். "பாக்கியைக் கட்டினாதாம்மா கட் பண்ணவே முடியும்," என்றார் கிளார்க். இரண்டாவது மெஷினுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினாள். யாரோ காற்று வாங்கியதற்கு இவள் ஏன் அழ வேண்டும்? கடைக்கு இணைப்பு வந்தது. ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு பாதி ஆர்டரைத்தான் ஒப்புக்கொள்ள முடிந்தது.

பழைய வீட்டில் கரண்டை வெட்டிய அன்று சாயங்காலம் தம்பி வந்து நின்றான். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"புள்ளைங்க இருட்டுல கெடக்குது. நீயெல்லாம் ஒரு அக்காவா?"

"வாட்ச்மேன் குடுத்த காசு எங்கடா?"

அவன் குரல் சட்டென்று இறங்கியது. சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து நீட்டினான்.

"இணைப்பை என் பேருக்கு மாத்தப் போறேங்க்கா. நீ சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாதான் மறுபடி கரண்டு குடுப்பாங்களாம்."

அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, பயமாக இருந்தது.

"அப்பா வீட்டை உன் பேருக்கு எழுதிக்கிட்டப்ப என் கையெழுத்து வேணும்னு உங்க யாருக்கும் தோணலையேடா. அதை எப்படி முடிச்சியோ, இதையும் அப்படியே முடிச்சுக்கோ."