எட்டு நாய்களும் ஒரு பிடி புக்கையும்

நாய் குரைக்கும் என்று தெரியும். ஆனால் நூற்றுக்கணக்கான நாய்கள் ஒரே மைதானத்தில் நின்று, தங்களை ஓட விடச் சொல்லிக் கத்துவதை அதுவரை நான் கேட்டதில்லை. காரை விட்டு இறங்கியதும் கதவைப் பிடித்தபடியே நின்றேன். மனைவி புக்கை என்று நாங்கள் சொல்லும் பொங்கல் இருந்த பெட்டியை மார்போடு அணைத்தபடி என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

எங்கள் மகள் சோலோதுர்னில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். சனி ஞாயிறு வந்தால் ஜூரா மலையில் ஒரு சுவிஸ்காரப் பெண்மணியின் நாய்ப் பண்ணைக்குப் போய்விடுவாள். மூன்று வருடமாக இதே கூத்து. பண்ணை அம்மா என்றுதான் வீட்டில் அந்தப் பெண்மணியைச் சொல்வோம். அன்று மகளுடைய முதலாவது நெடுந்தூர ஓட்டம். எட்டு நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் மூன்று நாள் தனியாக மலைக்கு மேலால் போக வேண்டும். கோயிலில் யாராவது விசாரித்தால், பிள்ளை பனிச்சறுக்குப் பழகுகிறாள் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். நாய் என்று வாய் திறந்தால் வருகிற சம்பந்தமும் வராது என்று எனக்குப் பயம்.

மனைவிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. நாய் வைரவருடைய வாகனம், அவர்தான் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறார் என்று அவள் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். அன்று விடியற்காலையில் எழும்பிக் குளித்து, சர்க்கரைப் புக்கை பொங்கி, கஜுவும் திராட்சை வற்றலும் தாராளமாகப் போட்டு, வைரவர் படத்துக்கு முன்னால் படைத்துத்தான் புறப்பட்டாள்.

நாய்களுக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று மகள் முதல் நாள் தொலைபேசியில் இரண்டு தரம் சொன்னாள். பாணும் சொசேஜும் கொடுக்கிற சனத்துக்குச் சொல்வதை எனக்கும் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிரசாதம் அந்தக் கணக்கில் வரும் என்று என் புத்திக்கு எட்டவேயில்லை. இத்தனைக்கும் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் எனக்கு இருபத்தைந்து வருட வேலை. யாருக்குப் பால் ஆகாது, யாருக்குக் கச்சான் கடலை ஆகாது என்று ஒவ்வொரு தட்டிலும் அட்டை வைத்து அனுப்புகிறவன் நான்.

ஓட்டுநர்களுக்கான கூட்டத்துக்கு மகளும் பண்ணை அம்மாவும் போயிருந்தார்கள். எட்டு நாய்களும் பண்ணை அம்மாவின் வான் வண்டியைச் சுற்றிச் சங்கிலியில் நின்றன. மனைவி பெட்டியைத் திறந்து நீட்டினாள். வைரவருடைய வாகனத்துக்கு முதலில் கொடுத்துவிட்டு நாங்கள் சாப்பிடுவோம் என்றாள். நான் ஒரு பிடி எடுத்து, கிட்ட வந்த ஒரு நாய்க்குக் கொடுத்தேன். ஒரே வாயில் விழுங்கிவிட்டுக் கையையும் நக்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு ஓட்டம் தொடங்கியது. எண்ணி முடித்ததும் சறுக்குவண்டியைப் பிடித்திருந்த கொழுக்கியைக் கழற்றினார்கள். அதுவரை தொண்டை கிழியக் கத்திய நாய்கள் அந்த நொடியே வாயை மூடிக்கொண்டு பறந்தன. மகளும் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிப் பலகை பனியில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் வளர்த்த பிள்ளையா இது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஓட்டப் பாதை வீதியைக் கடக்கும் முதலாவது வீதிக்கடவையில் அவளைப் பார்க்கலாம் என்று பண்ணை அம்மா எங்களையும் தன் வானில் ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு வண்டியும் எங்கே போகிறது என்பது கைத்தொலைபேசியில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. மகளுடைய புள்ளி முன்னால் போன ஒன்றைத் தாண்டியது. சற்று நேரத்தில் இன்னொன்றையும் தாண்டியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சத்தமாக ஏதோ சொல்லியும் விட்டேன்.

அந்த நேரம் பார்த்து மனைவி பின்னால் இருந்து பண்ணை அம்மாவுக்குப் புக்கையை நீட்டினாள். அவர் ஒரு கரண்டி வாயில் வைத்தார், மென்றார், வானை ஓரங்கட்டினார். முகம் வெளுத்திருந்தது. இதில் உலர்ந்த திராட்சை இருக்கிறது, நாய்க்குச் சிறுநீரகம் போய்விடும், யாராவது கொடுத்தீர்களா என்று கேட்டார்.

நான் "நைன்", இல்லை, என்றேன்.

எப்படி அந்தச் சொல் வாயில் வந்தது என்று அந்த நேரம் எனக்கே தெரியவில்லை. அவர் நிம்மதியாக மூச்சு விட்டு வானை எடுத்தார். இரண்டு ஊர்கள் கடந்தன. நான் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 

"இஞ்சருங்கோ," என்றாள் மனைவி பின்னால் இருந்து. "சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்."

சொன்னேன். பண்ணை அம்மா என்னைத் திட்டவில்லை, நேரே ஓட்ட அலுவலர்களுக்கு அழைப்பு எடுத்தார். எந்த நாய் என்று அவர்கள் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. கறுப்பும் வெள்ளையும் என்றேன். எட்டும் கறுப்பும் வெள்ளையும்தான் என்றார் அவர். ஆணா பெண்ணா, காது எப்படி, கண் என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே போனார். மூன்று வருடம் சாப்பாட்டு மேசையில் மகள் ஒவ்வொன்றின் படத்தையும் காட்டிக் காட்டிக் கதைத்திருக்கிறாள். ஒன்றுகூட என் மனதில் நிற்கவில்லை. 

அதனால் எட்டையும் நிறுத்தினார்கள். மிருக வைத்தியர் எட்டுக்கும் வாந்தி எடுக்க வைக்கும் மருந்தைக் கொடுத்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீதியோரப் பனியெல்லாம் மண்ணிறமாகிக் கிடந்தது. கடைசியாக நின்ற சின்னப் பெட்டை நாயின் வாந்தியில்தான் வற்றல்கள் கிடந்தன. இரத்தம் பரிசோதிக்க வேண்டும், ஆனால் நேரத்தோடு பிடித்துவிட்டோம், பயமில்லை என்றார் வைத்தியர். இந்த நிலையில் எந்த நாயும் ஓடாது. மகளுடைய ஓட்டம் அந்த வீதிக்கடவையிலேயே முடிந்தது.

அவள் பனியில் முழங்காலில் இருந்து அந்த நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"உடனை சொன்னீங்கள் அப்பா. அதாலைதான் இவள் தப்பினவள்."

தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் நின்றிருக்கலாம். பண்ணை அம்மாவுக்குத் தமிழ் விளங்காது. மனைவி நிலத்தைப் பார்த்தாள்.

"உடனை சொல்லேல்லை பிள்ளை. முதல் கேட்கேக்கை இல்லையெண்டு சொன்னனான்."

அவளுடைய கை நின்றது.

"ஏனப்பா?"

"உன்ரை புள்ளி ஓடிக்கொண்டு இருந்தது. ரெண்டு பேரை விலத்தி முன்னுக்குப் போட்டாய். நிப்பாட்ட மனம் வரேல்லை."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபத்தில் ஏதாவது சொல்லட்டும் என்று காத்து நின்றேன்.

"நான் ஓடினதை நீங்கள் பாத்துக்கொண்டிருந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

ஓட்டம் போனதற்கு அழாத பிள்ளை அப்போதுதான் அழுதாள்.